எரிகிற விளக்கும் அணைந்த விளக்கும்

(வட்டக்கோட்டைப் பகுதிச் சபை மக்களும் நம் மருத்துவமனையின் ஆதரவாளர்களும் கூடிவந்த ஒரு மாலையில், மருத்துவமனையின் மின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. பலர் எழுத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



நான் பிரசங்கியார் அல்ல. ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, வயரிங் இவற்றோடு காலம் கழித்தவன். போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "சோலார் விளக்கைப் பற்றி நம் ஜனங்களுக்குப் புரிகிறபடி பேசும்" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். அதோடு, உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு காரியத்தையும் இன்று அறிக்கையிட விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதியை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்கி புயல் நம் மாவட்டத்தை அடித்த நாள். ஆழ்கடலுக்குப் போன நம் சகோதரர் பலர் திரும்பி வரவில்லை. கரையிலே ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லை.

மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் நம் நோயாளிகள் எல்லாரும் மருத்துவமனைக்குள் இல்லையே. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்கள், புற்றுநோய் முற்றி வீட்டிலே கிடப்பவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாதவர்கள், இவர்களை நம் நர்சுமார் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். அந்த வாரத்தில் அவர்கள் செல்போன் வெளிச்சத்தில் புண் கட்டினார்கள். சில நாளில் செல்போனும் அணைந்தது. பிறகு மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். படுக்கைப் புண் சிவந்திருக்கிறதா கறுத்திருக்கிறதா என்று மெழுகுவர்த்தியில் பார்த்துச் சொல்ல முடியாது.

மின்சாரம் வருமுன்பே மிஷன் வைத்தியத்தைக் கண்ட மாவட்டம் இது. லண்டன் மிஷன் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838இல். அக்காலத்தில் அது வேறு வழியில்லாத இருட்டு. நம் காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

வெளிச்சம் இல்லாததால் உயிர் போவதைக் கண்ணால் கண்ட ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லுகிறேன். லாரா ஸ்டேச்சல் என்று பெயர். அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவர். 2008இல் வட நைஜீரியாவில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். பிரசவ நேரத்தில் கரண்ட் போய், தாய்மார் இருட்டில் தவிப்பதைப் பார்த்தார். அவருடைய கணவர் ஹால் ஆரன்சன் சோலார் பாடம் நடத்துகிறவர். இருவரும் சேர்ந்து, ஒரு பெட்டிக்குள் பேட்டரியும் விளக்கும் அடக்கி, வெளியே பேனல் வைத்து இணைக்கும்படி ஒரு சாதனம் செய்தார்கள். "சோலார் சூட்கேஸ்" என்று அது பல நாடுகளுக்கும் போயிற்று. ஒரு பெட்டிக்குள் அடங்கும் சிறிய காரியந்தான். ஆனால் பிரசவ அறைக்கு அது போதும்.

ஒக்கிக்குப் பிறகு நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறு சோலார் தொகுப்பு வாங்கக் காணிக்கை அனுப்பினீர்கள். ஒரு பேனல், ஒரு பேட்டரி, ஒரு கண்ட்ரோலர், மூன்று பல்பு. முதலில் ஒன்பது வீடுகளில் நாங்களே போய் மாட்டினோம். பல்பு எரிந்தது. ஜெபித்தோம். போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோ நம் மடலில் வந்தது. நீங்களும் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

2019 டிசம்பரில், இரண்டு வருஷம் கழித்து, அந்த ஒன்பது வீடுகளையும் நான் சுற்றி வந்தேன். ஐந்து வீட்டில் விளக்கு எரிந்தது. நாலு வீட்டில் எரியவில்லை. எரிந்த படம் அச்சாயிற்று. அணைந்த செய்தி அச்சாகவில்லை. இதைத்தான் அறிக்கையிட வந்தேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. தாத்தா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பாட்டி என்னைக் கண்டதும் முகம் வாடி, "வா மக்கா, இரு. அந்த வெளக்கு செத்துப் போச்சு. ஒரு வருசம் இருக்கும்" என்றார்கள்.

"ஏன் பாட்டி சொல்லியனுப்பல்ல? நர்சம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லதுக்கு வெட்கமா இருந்து மக்கா. எங்கயோ இருந்து நல்ல மனசோட தந்தவங்க. கெடுத்துப் போட்டோம்னு கேட்டா அவங்களுக்கு மனசு நோவும்லா?"

அவர்கள் ஒன்றையும் கெடுக்கவில்லை. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தகடுகள் காய்ந்திருந்தன. உங்கள் மனம் நோகக்கூடாது என்று அந்தத் தாயார் ஒரு வருஷம் இருட்டில் இருந்தார்கள்.

இரண்டாம் வீட்டில் பேட்டரியின் மேலேயே வயரை மாட்டி டி.வி. ஓட்டியிருந்தார்கள். கண்ட்ரோலரைத் தாண்டிப் போனதால், பேட்டரி அடிமட்டம் வரை வற்றிச் செத்தது. மூன்றாம் வீட்டில் இரும்பு போல்ட்டு துருப்பிடித்து அற்று, ஆடிக் காற்று பேனலைக் கழற்றித் தள்ளியிருந்தது. நாலாம் வீட்டில் பக்கத்துத் தென்னம்பிள்ளை வளர்ந்து பேனலுக்கு நிழல் கொடுத்தது. நாலு காரணத்தில் ஒன்றுகூடப் பேனலின் குற்றம் இல்லை. மாட்டியவர்களும் கொடுத்தவர்களும் திரும்பிப் பாராததே குற்றம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்துப் பத்துக் கன்னிகைகளை நினைத்துக்கொண்டேன். பத்துப் பேர் கையிலும் தீவட்டி இருந்தது. எண்ணெயில்தான் வித்தியாசம். நாமும் தீவட்டியைக் கொடுத்துவிட்டு எண்ணெயைப் பற்றிப் பேசாமல் வந்துவிட்டோம். ஆகவே இன்று எண்ணெயைப் பற்றிப் பேசுகிறேன்.

எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு செலவழிக்கலாம்

முதலாவது அளவு தெரிய வேண்டும். மாதச் சம்பளம் தெரியாமல் குடும்பம் நடத்த முடியாது. சோலாரும் அப்படியே.

நாம் கொடுப்பது 40 வாட்டுப் பேனல். நம் பக்கத்தில் ஒரு நாள் வெயிலைச் சேர்த்துக் கணக்கிட்டால், சராசரியாக ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். நாற்பதை ஐந்தால் பெருக்கினால் 200 வாட்-மணி. பேனல் சூடாவது, கண்ணாடித் தூசு, வயர், பேட்டரி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது ஏறக்குறைய 130. இதுதான் அந்த வீட்டின் ஒரு நாள் கூலி.

இனிச் செலவு. 5 வாட்டு எல்.இ.டி. பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 50. ஒரு செல்போன் சார்ஜ் ஏற 20. பேட்டரியில் ஓடும் 15 வாட்டுச் சின்ன மின்விசிறி நாலு மணி நேரம் ஓடினால் 60. கூட்டினால் 130. கூலி தீர்ந்தது. படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தையின் பம்பு 8 வாட்டு என்று வையுங்கள். இரவில் பத்து மணி நேரத்துக்கு 80 வேண்டும். அதை ஓட்ட ஒரு சிறு இன்வெர்ட்டரும் வேண்டும், அதுவும் கொஞ்சம் தின்னும். மெத்தை ஓட வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்தி, பல்பு எரியும் நேரத்தையும் குறைக்க வேண்டும். எது முக்கியம் என்று வீட்டார் தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முடியாதவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். நம் பேனலின் ஒரு நாள் வரவு அதற்கு அரை மணி நேரம்கூடப் போதாது. அப்படிப்பட்ட நோயாளியின் வீட்டில் இந்தத் தொகுப்பை நம்பி இருக்கவே கூடாது. சிலிண்டர் கையிருப்பு வேண்டும். சாதாரண பிரிட்ஜும் ஓடாது. இன்சுலினை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று மருத்துவமனையில் கேளுங்கள். மண்பானையைக் கொண்டே வழி சொல்லுவார்கள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டி.வி. இவற்றை இதில் மாட்டக் கூடாது.

"அரசாங்கம் மானியம் கொடுக்கிறதே, பெரியதாகவே மாட்டலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். நல்லதுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் வைத்தார்கள். கரண்ட் கட்டணம் குறையும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்து, பேட்டரி இல்லாமல் ஓடும் அமைப்பு, ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாடி நிறையப் பேனல் இருந்தும் புயலன்று இருட்டில் இருக்க வேண்டி வரலாம். ஆபத்து நாளில் ஒரு பல்பாவது எரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும்.

பேனலை எங்கே, எப்படி மாட்டுவது

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 பாகை வடக்கே. சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. பிறகு ஏன் பேனலைத் தெற்கே பார்க்க வைக்கச் சொல்லுகிறோம்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மழையும் புயலும் வருவது அப்போதுதான். வெயில் அரிதான மாதத்தில் கிடைப்பதை முழுதும் வாங்க வேண்டும் என்பதற்காகவே தெற்கு.

சரிவு அதிகம் வேண்டாம். 10 முதல் 15 பாகை போதும். மட்டமாக வைத்தால் தண்ணீரும் தூசும் ஓரத்தில் தேங்கும். இரண்டடி நீளப் பேனலின் வடக்கு ஓரத்தை ஐந்து அங்குலம் உயர்த்தினால் ஏறக்குறைய 12 பாகை வந்துவிடும். இதற்குக் கருவி வேண்டாம், ஸ்கேல் போதும்.

நிழல் விஷயத்தில் ஏமாந்துபோகாதீர்கள். பேனலுக்குள் 36 சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. தண்ணீர்க் குழாயில் ஓரிடத்தில் கல் விழுந்தால் குழாய் முழுதும் தண்ணீர் குறைகிறது அல்லவா, அப்படி ஒரு தென்னையோலையின் நிழல் சில சில்லுகளின் மேல் விழுந்தால் பேனல் முழுவதின் வரவும் பெருமளவு குறைந்துவிடும். காலை 9 மணி, மதியம் 12, மாலை 3 என்று மூன்று வேளையும் கூரைமேல் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். தென்னைக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் போதும், கண்ணாடி போயிற்று.

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றுக்குப் பேனல் ஒரு பட்டம். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே நாலு அங்குல இடைவெளி விடுங்கள். வெப்பம் போக அது வேண்டும். ஆனால் அடியில் கைமரத்தோடு அல்லது கான்கிரீட்டோடு நன்றாகப் பிணைந்திருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓட்டின் மேல் வைத்துக் கட்டினால் நிற்காது. ஓட்டை விலக்கிக் கைமரத்தில் பிடி மாட்டி, மறுபடி ஓட்டை மூட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் காலை வைக்காதீர்கள். அது சொல்லாமல் உடையும். ஏணி போட்டுச் சுவரிலிருந்து கம்பம் நீட்டி மாட்டலாம்.

அடுத்தது உப்பு. இங்கேயிருக்கிற கோட்டையைப் பாருங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிற்பாடு திருவிதாங்கூர் மகாராஜாவிடமே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்திருந்த டிலனாய் பலப்படுத்திய கோட்டை. கருங்கல்லானதால் கடற்காற்றைத் தாங்கி இன்றும் நிற்கிறது. இரும்பு அப்படி நிற்காது. அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் சண்டை போட்டு அரித்துவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டையும் வாஷரையும் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். மூன்றாம் வீட்டில் அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடித்துத்தான் பேனலை இழந்தோம்.

வயர், கண்ட்ரோலர், பேட்டரி

12 வோல்ட் என்பது சின்ன அழுத்தம். மெல்லிய வயரில் அது வழியிலேயே வீணாகும். பேனலிலிருந்து பேட்டரிக்கு 10 மீட்டர் தூரம் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் இழப்போம். 2.5 சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வோல்ட்தான் போகும். தூரத்தைக் குறைப்பதும் தடித்த வயர் போடுவதும் இன்னொரு சின்னப் பேனல் வாங்குவதைவிட லாபம்.

இணைக்கும் வரிசையை மனப்பாடம் பண்ணுங்கள். கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் பல்பு. கழற்றும்போது தலைகீழாக: பல்பு, பேனல், பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் கண்ட்ரோலர் கெட்டுப்போகக் கூடும். "12 வோல்ட்" பேனல் என்று எழுதியிருந்தாலும், ஒன்றும் இணைக்காதபோது அதில் 21 வோல்ட் வரை இருக்கும். வெயிலில் அதை அணைக்கச் சுவிட்சு கிடையாது. வேலை செய்யும்போது மேலே ஒரு தடித்த துணியைப் போட்டு மூடுங்கள்.

சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு மைனஸ். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனையும் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் சிவக்கும், தீப்பிடிக்கும். ஸ்பானர் பிடிக்குமுன் கைவளையல், மோதிரம், வாட்சு எல்லாம் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி இருவகை. பழைய ஈய அமில வகைக்கு மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். அதிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் ஜெப விளக்குக்கும் தூரமாக, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முனைகளில் வாசலின் தடவினால் பச்சைப் பூச்சு பிடிக்காது. பாதிக்குக் கீழே வற்ற விடாதீர்கள். சிறிது நேரம் ஓய்வில் இருந்தபின் மீட்டரில் 12.7 வோல்ட் காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி.

இப்போது நாங்கள் கொடுப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. தண்ணீர் வேண்டாம், பாரமும் குறைவு, ஐந்தில் நாலு பங்கு வரை எடுக்கலாம், பல வருஷம் உழைக்கும். ஆனால் அதற்கென்று உள்ள கண்ட்ரோலர், அல்லது லித்தியத்துக்கு மாற்றி வைக்கக்கூடிய கண்ட்ரோலர் வேண்டும். பழைய கண்ட்ரோலரில் புதுப் பேட்டரியைச் சும்மா மாட்டிவிடாதீர்கள்.

கண்ணாடியைத் துடைப்பது எளிது. வாரம் ஒரு முறை, வெயில் ஏறுமுன், நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். கடற்கரை வீடுகளில் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாமலே படியும். ஆகவே அழுக்கு தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.

பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

இதெல்லாம் படித்த இன்ஜினியர் செய்ய வேண்டிய வேலை என்று எண்ண வேண்டாம். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குச் சோலார் வேலை கற்றுக்கொடுத்தார்கள். பல தேசத்துக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் வந்து கற்றுப் போய், தங்கள் ஊரில் விளக்கு மாட்டினார்கள். பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்த காரணம் என்ன தெரியுமா? அவர்கள் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள். இளைஞனுக்குக் கற்றுக் கொடுத்தால் அவன் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விடுவான்.

கர்நாடகத்தில் செல்கோ என்ற நிறுவனத்தை 1995இல் ஹரீஷ் ஹண்டே என்பவர் மற்றொருவரோடு சேர்ந்து தொடங்கினார். 2011இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழைகளுக்குச் சோலார் விளக்கு விற்கிற நிறுவனம். விளக்கைவிட அவர்கள் பெரிதாக எண்ணினது இரண்டு காரியம்: தவணையில் வாங்க வங்கிக் கடன், கெட்டுப்போனால் வந்து பார்க்கப் பக்கத்திலேயே ஒரு ஆள். இந்த இரண்டாவதைத்தான் நாங்கள் விட்டுவிட்டோம்.

2020 முதல் நாங்கள் முறையை மாற்றினோம். தொகுப்பு கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைத் தெரிந்துகொண்டு, அவர் கையாலேயே கழற்றி மாட்டச் சொல்லுகிறோம். நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். அவருக்கு ஒரு நோட்டு. வாரம் ஒரு முறை தேதியும் வோல்ட்டும் எழுத வேண்டும். நர்சம்மா நோயாளியின் சீட்டைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் பார்ப்பார்கள். வோல்ட் வாரத்துக்கு வாரம் இறங்கினால் எனக்குச் செய்தி வரும். விளக்கு அணையுமுன்பே போய்ப் பார்க்கலாம். எழுதாத வீடுகளும் உண்டு. அங்கே நாங்களே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கடற்கரைப் பாட்டியின் வீட்டில் பொறுப்பை ஏற்றது பேத்தி. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சரியாக எழுதுவாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெரும் சேதம். நம் மாவட்டத்திலும் தண்ணீர் ஏறியது, பல இடங்களில் கரண்ட் நின்றது. முதல் நாளே அந்தப் பெண் மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டாள். ஒரே ஒரு பல்பு, ஆறு மணி நேரம், 30 வாட்-மணி. அவள் கணக்கு அதுதான். அவர்கள் வீட்டுப் பேட்டரியில் 200 வாட்-மணி எடுக்கலாம். வெயில் முகமே காணாமல் ஆறு நாள் தாங்கும். பேட்டரி பக்கத்துச் சுவரில் சாக்பீசால் அதை எழுதி வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை நர்சம்மா தண்ணீருக்குள் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தாத்தாவுக்குப் புண் கட்டினார்கள். அதற்குள் அக்கம்பக்கத்தார், சர்க்கரைப் புண்ணோடு இருந்த ஒரு அம்மாவை நாற்காலியில் வைத்து அந்த வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள். ஏனென்றால் அங்கேதான் வெளிச்சம் இருந்தது. அந்த அம்மாவின் கால்விரல் கறுக்கத் தொடங்கியிருந்ததை நர்சம்மா அந்த ஐந்து வாட்டுப் பல்பின் கீழே கண்டுபிடித்தார்கள். மறுநாள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்தப் பாட்டி என்னிடம், "இப்ப வெட்கமில்ல மக்கா. கெட்டா நானே சொல்லி விடுவேன்" என்றார்கள். ஒன்பது வீட்டில் விளக்கு எரிந்த போட்டோவைக் காட்டிலும் இந்தச் சொல் எனக்குப் பெரிது.

உங்களிடம் மூன்று விண்ணப்பம்

ஒன்று, சோலார் விளக்குக்கென்று காணிக்கை கொடுக்கிறவர்கள், அந்த வீட்டின் அடுத்த பேட்டரிக்கும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. அது முடியும் நாளில் அந்த வீட்டார் கையேந்தி நிற்கக் கூடாது. முடிந்த வீட்டார் மாதம் ஐம்பது, நூறு என்று உண்டியலில் போடுகிறார்கள். குறைவதை நாம் நிரப்பலாம். புதிதாகப் பத்து வீட்டுக்குக் கொடுப்பதைவிட, கொடுத்த பத்து வீட்டில் விளக்கு அணையாமல் காப்பது குறைந்த ஊழியம் அல்ல. அதற்குப் போட்டோ கிடையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு சபையிலும் வாலிபர் சங்கத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ இரண்டு பேரைக் கொடுங்கள். இரண்டு சனிக்கிழமை போதும், நான் கற்றுத்தருகிறேன். ஊரைவிட்டுப் போகாதவர்களாக இருந்தால் நல்லது. பாட்டிமாராக இருந்தாலும் சம்மதம். ஒரு மீட்டர், ஒரு ஸ்பானர், ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், இவ்வளவுதான் ஆயுதம்.

மூன்று, நீங்கள் கொடுத்த ஒன்று கெட்டுப்போயிற்று என்று கேள்விப்பட்டால் மனம் கசந்துபோகாதீர்கள். பெற்றவர்கள் தைரியமாக வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். விளக்காக இருந்தாலும், தையல் மிஷினாக இருந்தாலும், ஆட்டுக்குட்டியாக இருந்தாலும் அப்படியே. வெட்கப்பட்டு மறைக்கிற வீட்டில்தான் இருட்டு நீடிக்கும்.

நம் நர்சுமாருக்காகவும் அவர்கள் போகிற வீடுகளுக்காகவும் ஜெபியுங்கள். நோட்டில் வோல்ட் எழுதுகிற பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள். நேரம் கிடைக்கும்போது, நீங்கள் கொடுத்த விளக்கு எரிகிறதா என்று ஒரு நாள் நேரிலே போய்ப் பாருங்கள். எரிந்தால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். எரியாவிட்டால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.